காலையில் குளித்த தண்ணீர்

தண்ணீர் போகவில்லை. போகாது என்று தெரிந்தும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளியலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், நான் முறைத்தால் பயந்துகொண்டு போய்விடும் என்பதுபோல. மில்லில் இருந்த காலத்தில் நான் முறைத்தால் ஆட்கள் போவார்கள். சென்னியப்பன் மாஸ்டர் வருகிறார் என்றால் டீக்கடைப் பக்கம் நின்றவனெல்லாம் மெஷினுக்கு ஓடுவான். தண்ணீருக்கு அந்த மரியாதை இல்லை. பாதம் முங்குகிற அளவுக்கு, சாம்பல் நிறத்தில், மேலே சோப்பு ஆடை படிந்து அசையாமல் கிடக்கிறது. என் மகள் வாணி குளித்த தண்ணீர். அவளுக்கு முன்னால் என் சம்சாரம் துளசிமணி குளித்த தண்ணீர். அதற்கு மேல் நான் ஊற்றிய ஒரு வாளி. அந்த ஒரு வாளியை நான் ஊற்றியிருக்கக் கூடாது. சரி, அதை இப்போது நினைக்கப் போவதில்லை. ஸ்கேன் முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று துளசிமணி சொல்லியிருக்கிறாள். கூப்பிடுவாள். கட்டி திரும்பி வரவில்லை, ஒன்றும் இல்லை, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்பாள். வாணி வந்ததும் வராததுமாகக் குளிக்கப் போவாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் குளிக்காமல் ஒரு நாற்காலியில்கூட உட்கார மாட்டாள். அதற்குள் அடைப்பை எடுத்துவிட வேண்டும். என் வேலை அவ்வளவுதான். மற்றதெல்லாம் டாக்டர் வேலை, மெஷின் வேலை, மேலே யாராவது இருந்தால் அவர் வேலை. கூட வருகிறேன் என்றுதான் சொன்னேன். ஒருத்தர்தான் கூட இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சட்டம், அப்புறம் துளசிமணியின் சட்டம் வேறு. "நீங்க வந்தா உங்க மூஞ்சியப் பாத்தே அவ பாதி செத்துருவா, ஊட்லயே இருங்க" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன வார்த்தை சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். காலையிலிருந்து இந்த வீட்டில் எல்லாருக்கும் வாய் தப்புகிறது, கை தப்புகிறது.

கை தப்பியது எனக்கு. டாக்ஸி கேட்டில் நின்று ஹாரன் அடித்தது, வாணி செருப்பு மாட்டினாள், துளசிமணி பூஜை அலமாரியிலிருந்து திருநீறு எடுத்து அவள் நெற்றியில் பூசி, கொஞ்சம் வாயிலும் போட்டாள், வந்தர்றோம் என்றார்கள், வாங்க கண்ணு என்றேன், கதவு சாத்திக்கொண்டது. உள்ளே திரும்பினால் தண்ணீர் குளியலறைப் படியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கையும் காலும் சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகும் என்பதற்காகவா, முப்பது வருஷம் மெஷின்களுக்கு நடுவில் இருந்தவனுக்கு அழுக்கைக் கண்டால் கை துறுதுறுக்கும் என்பதற்காகவா, தெரியவில்லை. ஒரு வாளி தண்ணீரைப் பிடித்து வாசலிலிருந்து சளார் என்று வீசி, துடைப்பத்தை எடுத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டேன். கதவு திறக்கிறது. வாணி நிற்கிறாள். தலையில் கட்டுகிற துணியை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். என்னைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், சிரித்தாள். "என்னப்பா, நான் இன்னும் கேட்டையே தாண்டல, அதுக்குள்ள கழுவி உடறீங்க?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் பின்னால் வந்த துளசிமணி சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுப்பதை நான் பார்த்தேன். ஊருக்குப் போகிறவர்கள் படி இறங்கியதும் வீட்டைக் கழுவ மாட்டோம், கூட்ட மாட்டோம், தலைக்கு ஊற்றிக்கொள்ள மாட்டோம். போனவர்கள் போய்ச் சேர்ந்தோம் என்று சேதி சொன்ன பிறகுதான் துடைப்பத்தில் கை வைப்போம். ஒரே ஒரு தடவைதான் ஆள் வெளியே போனதும் உடனே வாசல்வரை தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவது, அது அந்த ஆள் நாலு பேர் தோளில் போகும்போது. இது எனக்குத் தெரியாதா? என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்புவதற்குள் உள்ளேயிருந்து குடம் குடமாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டதே. அந்தச் சத்தம்தான் இன்றைக்கு என் கையிலிருந்து வந்தது. துளசிமணி அவளை இழுத்து சோபாவில் உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் குடிக்க வைத்து, கொஞ்ச நேரம் சும்மா இருக்க வைத்து, இப்போதுதான் முதல்தடவை கிளம்புவதுபோல மறுபடியும் கிளப்பிக்கொண்டு போனாள். போகும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நாங்க வர்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்திக் கழுவக்கூடாது. கூட்டக்கூடாது. ஊட்லருந்து ஒரு குப்பை வெளிய போகக்கூடாது. கேட்டுதுங்களா?" கேட்டது. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. சனிக்கிழமை இரும்பு வாங்கியிருக்கிறேன், ராகு காலத்தில் மெஷின் ஓட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவன்தான் அப்போதிருந்து அந்தச் சளாரையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அடைப்பு எடுப்பது கழுவுவது ஆகாது. இதை நான் நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். கழுவுவது என்றால் தண்ணீரை ஊற்றித் தள்ளுவது. அடைப்பு எடுப்பது என்றால் குழாய்க்கு வைத்தியம். ஒரு வக்கீல் வைத்து வாதாடினாலும் ஜெயிப்பேன். ஆசிட் பாட்டில் ஒன்று இருந்தால் முடிந்தது, ஆனால் இந்த வீட்டில் ஆசிட் கிடையாது. பினாயில் கிடையாது, தரை துடைக்கிற திரவம் கிடையாது, நீலம் பச்சை என்று வாசனை அடிக்கிற எதுவும் கிடையாது. முதல் தடவை வைத்தியம் முடிந்து வந்த கையோடு வாணி எல்லாவற்றையும் ஒரு சாக்குப்பையில் கட்டி எடுத்துப் போகச் சொல்லிவிட்டாள். "அந்த வாசம் வார்டு வாசம்ப்பா, அது இங்க வேண்டாம்" என்றாள். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர், பாட்டில்களோடு வாழ்ந்தவள். வீட்டுக்குள் பாட்டில் வேண்டாம் என்றால் நான் என்ன சொல்வேன். அதற்குப் பிறகு ஆப்ப சோடா, வினிகர், கல்லுப்பு, எலுமிச்சை, வெந்நீர். ஞாயிற்றுக்கிழமையானால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் குளியலறைத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, மூலையில் இருக்கிற சல்லடை மூடிக்குள் ஒரு டம்ளர் சோடாவைக் கொட்டி, வினிகரை ஊற்றி, ஈரத்துணியால் பொத்தி வைப்பாள். நுரை மேலே வராமல் கீழே போக வேண்டுமாம். அப்புறம் உப்புப் போட்ட வெந்நீர். "கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்கப்பா, பிளாஸ்டிக் குழாய் எளகிரும். கையில பொறுக்கறதுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்" என்பாள். நான் கிண்டல் செய்வேன், சிவன் கோயில் அபிஷேகம் தோற்றது கண்ணு, தீபாராதனை மட்டுந்தான் பாக்கி என்பேன். அவள் சிரிக்காமல் அந்த ஓட்டைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படி என்னத்தைப் பார்க்கிறாள் என்று அப்போது நான் கேட்கவில்லை.

முதலில் நிற்கிற தண்ணீரை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சோடா கரைந்து வீணாகப் போகும். மக்கை எடுத்து மொண்டு வாளியில் ஊற்றினேன். ஒரு வாளி நிறைந்தது. இதை எங்கே கொட்டுவது? பின்பக்கம் மாமரத்துக்கு ஊற்றலாம் என்று தூக்கிக்கொண்டு கதவுவரை போய்விட்டேன். தாழ்ப்பாளில் கை வைத்ததும் நின்றுவிட்டேன். ஊட்லருந்து ஒரு குப்பை வெளிய போகக்கூடாது. இது குப்பையா? அவள் உடம்பில் பட்டு இறங்கிய தண்ணீர். மஞ்சள் சோப்பு வாசனை இன்னும் வருகிறது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அவள் குளித்த தண்ணீரை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது என்றால் அதற்கு என்ன பெயர்? வாளியைத் திருப்பிக் கொண்டுவந்து நடையில் வைத்தேன். அடுத்த வாளி, அதற்கடுத்தது, துணி ஊறவைக்கிற டப், பொங்கலுக்கு மட்டும் இறங்குகிற அண்டா, எல்லாம் நிறைந்து நடையில் வரிசையாக நிற்கின்றன. நல்லவேளை, யாரும் இப்போது வீட்டுக்கு வரப்போவதில்லை. வந்தால், ரிட்டயர் ஆனதும் மாஸ்டருக்குக் கழன்றுவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லுவார்கள். ஒவ்வொன்றிலும் ஜன்னல் வெளிச்சம் ஆடாமல் கிடக்கிறது. குனிந்து பார்த்தால் என் முகம் தெரியும்போல இருந்தது, அதனால் குனியவில்லை.

தண்ணீர் இறங்கியதும் மூலையில் சல்லடை மூடி தெரிந்தது. மண்டியிட்டு உட்கார்ந்தேன், அவள் உட்காருகிற இடத்தில். முழங்கால் இரண்டும் ஏசின. கீழே இருந்து ஒரு சத்தம். யாரோ தொண்டையைச் சரிசெய்துகொள்வதுபோல. மாடி வீட்டுக்காரர்கள் தண்ணீர் விட்டால் இப்படி வரும், தெரியும். மூன்று வீட்டுக்கும் கடைசியில் ஒரே குழாய். ஆனால் மாடி வீட்டுக்காரர்கள் பழனிக்குப் போயிருக்கிறார்கள். அதற்கும் மேலே இருப்பவர்களாக இருக்கும். அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், சாயங்காலம்தான் வருவார்கள். யாராவது லீவு போட்டிருப்பார்கள். காய்ச்சலாக இருக்கும். நான் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன், தேடி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இந்தத் தடவை ஒரு முனகல். ம்ம்ம் என்று, பாட்டு மறந்துபோனவர்கள் மெட்டை மட்டும் முணுமுணுப்பதுபோல. வாணி குளிக்கும்போது அப்படித்தான் முணுமுணுப்பாள். குளித்து எவ்வளவு நேரமாகிறது? குளித்தவள் போய்விட்டாள், சத்தம் மட்டும் இப்போதுதான் கீழே போய்ச் சேர்கிறதா? சீ. மூடியைத் திருகித் தூக்கினேன். கறுப்பு வட்டம். உள்ளே தண்ணீர் மினுங்கியது. ஒரு டம்ளர் சோடாவைக் கொட்டினேன், வெள்ளையாய் ஒரு குன்று நின்றது, வினிகரை விட்டதும் அது சீறிக்கொண்டு எழுந்தது. நுரை பொங்கி என் கால் விரல்வரை வந்தது. ஈரத்துணியைப் போட்டு உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தேன். துணிக்கு அடியில் அது என் கையைத் தள்ளியது. பலமாக இல்லை. எழுப்பிவிடு என்று சொல்கிற மாதிரி, மெதுவாக.

போன் அடிக்கவில்லை. குளியலறைக்குள் டவர் கிடைக்காது என்று ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன், நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன். நானே கூப்பிடலாம். கூப்பிட்டால் எடுப்பார்கள், எடுத்தால் சொல்வார்கள், சொன்னால் அதற்கப்புறம் அது தெரியாத ஆளாக நான் இருக்க முடியாது. அதனால் இப்படியே இருக்கட்டும். துணியை அமுக்கிக்கொண்டு இருப்பதும் ஒரு வேலைதான். வெறும் நுரையப்பா என்பாள் வாணி, சோடாவும் வினிகரும் சேந்தா கடைசில வெறும் உப்புத் தண்ணி, ஆனா அந்தப் பொங்கல் இருக்குதே, அது அழுக்கை அசைச்சுக் குடுக்கும், பிசுக்கு எளகும். வாராவாரம் செஞ்சா அடைக்கவே அடைக்காது. அடைக்கவே அடைக்காது என்றவள்தான். அப்படியானால் ஏன் அடைத்தது? இந்த இடத்தில் வந்து என் மனசு ஆணியில் மாட்டிய துணி மாதிரி மாட்டிக்கொள்கிறது. கொஞ்ச நாளாக அவள் ஞாயிற்றுக்கிழமை மண்டியிடவில்லை. கவனித்தேன், கவனித்தும் விட்டுவிட்டேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறாள் என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு தூங்கினாள். இன்னொரு ஞாயிறு, சோடா டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவள் குளியலறைக் கதவில் சாய்ந்து நின்றுவிட்டு, அப்புறம் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். முடியலையா கண்ணு என்றேன். "இல்லப்பா, வெயிலு" என்றாள். ஐப்பசி மழையில் என்ன வெயில்? அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது. உறைத்ததை நான்தான் துணி போட்டுப் பொத்தி வைத்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டருக்கு முன்னால், மெஷினுக்கு முன்னால், அவள் உடம்பு அவளுக்குச் சொல்லியிருக்கிறது. அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. பயமாக இருந்தது. அறுபத்திரண்டு வயசு ஆள், குளியலறைத் தரையில் உட்கார்ந்து, பயமாக இருக்கிறது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஓட்டைக்குள் அது போய் மோதித் திரும்பி வந்தது, என் குரல் மாதிரியே இல்லை.

அப்போது சமையலறையில் ஒரு சீறல். எழுந்து ஓடினேன். சிங்குக்கு அடியில் அவளுடைய பெரிய பாட்டில். ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணீர், எல்லாம் போட்டு மூடி வைத்திருக்கிறாள். மூன்று மாசம் ஊறினால் குழாய்க்கு அதுதான் அமிர்தமாம். ஊறும்போது உள்ளே காற்று சேரும், தினமும் மூடியைக் கொஞ்சம் திருகி வெளியே விட வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். இன்றைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவள் திறக்கவில்லை. பாட்டில் வயிறு உப்பி நிற்கிறது. தோல்கள் எல்லாம் மேலே வந்து வெளியே எட்டிப் பார்ப்பதுபோல அமுங்கி நிற்கின்றன. மூடியைத் திருகினேன். புஸ்ஸ்ஸ் என்று நீளமாய் ஒரு மூச்சு என் முகத்தில் அடித்தது. புளித்த, இனித்த, உயிருள்ள ஏதோ ஒன்றின் மூச்சு. தையில் பக்குவமாகும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். தை. அதற்கு இன்னும் கார்த்திகை போக வேண்டும், மார்கழி போக வேண்டும். மூடியை இறுக்கிவிட்டு, என்னவோ தோன்றி, பாட்டிலின் வயிற்றை ஒரு தட்டு தட்டிவிட்டு வந்தேன்.

உப்புப் போட்ட வெந்நீரை ஊற்றினேன். கழுவவில்லை, வைத்தியம். இரண்டு விரல் அளவு இறங்கியது, நின்றது. இனிமேல் கம்பிதான். பழைய ஹேங்கரை நிமிர்த்தி நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டேன். முழங்கை நீளம் போனதும் எதிலோ பட்டது. கல் மாதிரி இல்லை. அழுத்தினால் கொடுக்கிறது, விட்டால் திரும்ப வருகிறது. கொக்கியைத் திருகி இழுத்தேன். வந்தது. முதலில் வந்தது கறுப்புச் சளி, அதில் என் நரை, துளசிமணியின் மருதாணிச் சிவப்பு. அதோடு சின்னச் சின்னச் சுருள்கள், கறுப்பு, ஒரு விரற்கடை நீளம். இது யாருடையது என்று ஒரு கணம் திகைத்தேன். வாணிக்கு வைத்தியத்துக்கு அப்புறம் முளைத்த முடி சுருட்டை. பிறந்ததிலிருந்து நீட்டு முடி, ஒரு சுருளும் கிடையாது; திரும்ப முளைத்தது வேறு யாருடைய தலையையோ கொண்டுவந்து வைத்ததுபோல முளைத்தது. கண்ணாடி முன்னால் நின்று, இது நானில்லப்பா என்று சிரித்தாள். மறுபடியும் கம்பியை விட்டேன். இந்தத் தடவை கனமாக இருந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நான் எழுந்து நின்று இழுத்தேன். கயிறு மாதிரி, முறுக்கிய புரி மாதிரி, நீட்டு முடி. கறுகறுவென்று, இடுப்பு நீளத்துக்கு. அழுகியிருக்க வேண்டும், நாறியிருக்க வேண்டும். நாறவில்லை. பிசுக்கு இல்லை. இப்போதுதான் அலசிப் பிழிந்ததுபோல, ஆரஞ்சுத் தோல் வாசனையோடு, என் கையில் ஈரமாகத் தொங்கியது. மில்லில் பஞ்சு வந்து இறங்கினால் ஒரு பிடி பிய்த்து, இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் வைத்து இழுத்து இழுத்து இழை நீளம் சொல்கிறவன் நான். கை தானாக அதைச் செய்தது. ஒரு புரியைப் பிரித்து இழுத்துப் பார்த்தேன். அறுந்த முடி இல்லை. வெட்டிய முடியும் இல்லை. ஒவ்வொன்றும் வேரோடு வந்த முடி.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. முதல் ஊசி போட்டு வந்து சில நாளில் முடி கொட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். துளசிமணி ஒரு வெள்ளைத்துணி எடுத்து வைத்திருந்தாள், கொட்டுவதை எல்லாம் சுருட்டி அதில் முடிந்து வைக்க. பெண்பிள்ளை முடி வீட்டில் கண்ட இடத்தில் பறக்கக்கூடாது என்பாள். துணி காலியாகவே இருந்தது. வாணி ஒருநாள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள், அவ்வளவுதான். எல்லாம் ஒண்ணாப் போயிருச்சும்மா, பார்லர்ல எடுத்துட்டாங்க என்றாள். நாங்கள் நம்பினோம், அப்பாடா பார்க்காமல் போயிற்றே என்றுகூட எனக்கு இருந்தது. அந்த வாரமெல்லாம் அவள் குளிக்கும்போது குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. சிறுவாணித் தண்ணி கண்ணு, வீணாப் போகுது என்று கதவைத் தட்டினேன். "ஆச்சுப்பா, ஆச்சுப்பா" என்றாள். இதோ இந்த மூலையில் மண்டியிட்டு, மூடியைத் தூக்கி, கொத்துக் கொத்தாய் உள்ளே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள், அழுகிற சத்தம் கேட்காமல் இருக்கத் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, அப்பன் ஆத்தா கண்ணில் ஒரு முடியும் படக்கூடாது என்று. பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து சோடா போட்டாள், வினிகர் விட்டாள், இளஞ்சூட்டில் வெந்நீர் ஊற்றினாள். கெமிஸ்ட்ரி டீச்சருக்குத் தெரியாதா, இது எதுவும் முடியைக் கரைக்காது என்று? ஆசிட் கரைக்கும். அதைத்தான் வீட்டைவிட்டே விரட்டினாள். கம்பி விட்டு இழுத்திருக்கலாம், ஒருநாளும் இழுக்கவில்லை. சுற்றிலும் தண்ணீர் போக வழி மட்டும் வைத்து, அதை அங்கேயே வைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அபிஷேகம் என்று கிண்டல் செய்தபோது அவள் அந்த ஓட்டைக்குள் பார்த்தது இதைத்தான். ஐயோ சாமி, என் தங்கமே என்று என்னை அறியாமல் அந்த ஈர முடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பனியன் நனைந்தது. சில்லென்று இல்லை, வெந்நீரின் சூடு அதில் இன்னும் இருந்தது. காலுக்கடியில் களக் என்று ஒரு பெரிய விழுங்கல். திரும்பிப் பார்த்தேன். மிச்சமிருந்த தண்ணீர் எல்லாம் ஒரு சுழியாகச் சுற்றிச் சுற்றி ஓட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கைநீட்டினேன், எதற்கென்று தெரியாமல். அதற்குள் எல்லாம் போய்விட்டது. தரை பளிச்சென்று, மூலை மூலையாக, கழுவிவிட்டதுபோல இருந்தது.

போன் அடித்தது. முடியைக் கீழே வைக்க மனசில்லை, ஒரு கையில் வைத்துக்கொண்டே எடுத்தேன். துளசிமணி. "ஏனுங்க" என்றாள். ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது, யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"சொல்லு துளசி."

"இன்னைக்கு இங்கயே இருக்கச் சொல்லீட்டாங்க. காத்தால இன்னொருக்கா பாக்கோணுமாம்."

"என்னத்தையாம்?"

"பாக்கோணும்னுதான் சொன்னாங்க. பெரிய டாக்டர் வந்துதான் சொல்லுவாராம்." மூக்கை உறிஞ்சினாள். "கழுவலைதானுங்க?"

பளிச்சென்று கிடக்கிற தரையைப் பார்த்தேன். "இல்ல" என்றேன்.

"கழுவீராதீங்க. நாளைக்கும் கழுவ வேண்டாம். நாங்க வந்தர்றோம், வந்ததுக்கப்பறம்..." போன் கை மாறியது.

"அப்பா," வாணி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, கிளாஸில் பேசுகிற குரல். "பாட்டில் மூடியத் தொறந்து உட்டீங்களா? காலைல மறந்துட்டேன். அதுக்கு மூச்சு முட்டும்ப்பா."

"தொறந்துட்டேன் கண்ணு."

"நாளைக்கும் தொறந்து உடுங்க. மறந்தராதீங்க."

"நீ வந்து தொற."

"சரிங்ப்பா" என்றாள்.

போனை ஜன்னலில் வைத்தேன். நான் நம்புகிறவன் இல்லை என்று சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். ஆனால் காலையில் இந்த வீடு எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும், அவள் வாசலில் நின்று செருப்பு மாட்டியபோது இருந்ததுபோல, ஒரு வாளிக்கு முன்னால் இருந்ததுபோல. மண்டியிட்டேன். நீட்டு முடியை உள்ளங்கையில் வைத்துச் சுருட்டினேன், துளசிமணி சுருட்டுவதுபோல, ஒரு இழைகூட வெளியே நீட்டாமல். மூடியில்லாத அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் கையை விட்டு, போகிற அளவுக்குப் போய், அது இருந்த இடத்தில் வைத்தேன். சின்னச் சுருள்களையும் விரலால் வழித்து எடுத்து அதன்மேல் வைத்தேன். விரல் நுனியில் அது கொஞ்சம் அசைந்து, அமர்ந்துகொண்டது. சல்லடை மூடியைத் திருகினேன். நடைக்குப் போய் முதல் வாளியைத் தூக்கி வந்தேன். வீசவில்லை. தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாதபடி, விளிம்போடு சாய்த்து, சத்தமில்லாமல் ஊற்றினேன். இது கழுவுவது இல்லை. இரண்டாவது வாளி, மூன்றாவது, டப், கடைசியில் அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். மஞ்சள் சோப்பு வாசனை எழுந்தது. தண்ணீர் மூடியை மறைத்தது, என் விரல்களை மறைத்தது, பாதத்தின்மேல் ஏறியது. சோப்பு ஆடை மெல்லச் சேர்ந்து மூடிக்கொண்டது. மேலேயோ கீழேயோ எங்கேயோ அந்த முணுமுணுப்பு மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை நான் அதற்கு ஆள் தேடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போகவில்லை.